இல்லாத மதில் சண்டை

கிறகரி எந்தக் கேள்விக்கும் அவசரப்பட்டுப் பதில் சொல்கிறவர் அல்லர். தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த காலத்தில், துரை எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் வாய் திறப்பார். அப்படிப்பட்டவர், கண்டி நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில், மனைவி டொரதியிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு முந்திக்கொண்டு பதில் சொன்னார். எப்போதாவது மயங்கி விழுந்ததுண்டா என்று அங்கிருந்த டொக்டர் கேட்டார். டொரதி உதட்டைப் பிரிப்பதற்குள், "எங்க குடும்பத்துல அப்படியெல்லாம் கிடையாது டொக்டர்" என்றார் கிறகரி.

டொரதி உதட்டை மூடிக்கொண்டாள். இருந்தாற்போல் நெஞ்சு குதிரை ஓட்டம் ஓடுகிறது என்ற முறைப்பாட்டை மட்டும் வைத்து, ஓட்டத்தைக் குறைக்க ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார் டொக்டர். சொன்னதை நம்பித்தானே மருந்து எழுத முடியும்?

அந்தக் குளிசையைத் தவறாமல் விழுங்கி வந்த டொரதி, ஒரு ஞாயிறு காலை, பூசைக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தபோது நிலைக்கண்ணாடிக்கு முன்னால் சரிந்தாள். முன்பெல்லாம் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் கண் விழித்துவிடுவாள். இந்தத் தடவை விழிக்கவில்லை. மகள் நடாஷா தாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கத்த, கட்டிய டையோடு கிறகரி தெருவில் இறங்கி ஓட்டோ பிடித்தார். பெரியாஸ்பத்திரி வாசலில் தூக்கிப் படுக்க வைத்தபோது, நாடி மெல்ல மெல்ல, இருக்கவா போகவா என்று அடித்துக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் என்றால், முன்பும் விழுந்திருக்கிறாள் என்றுதானே பொருள். அங்கேதான் கதை இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள், உரித்தபடியே சாய்ந்தாள். கண் மேலே செருகியது. கைகள் இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தன. கிறகரி ஓடி வந்து பார்த்தார். அந்த இழுப்பு அவருக்குப் பழக்கமானது. அவருடைய அக்கா ரோசலினுக்கும் அப்படித்தான் இழுக்கும். அவர்களுடைய தகப்பனும் தோட்டத்துக் கிளாக்கர்தான். ரோசலினைப் பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வாங்கும்போதே அவள் விழுந்தாள். வந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் ரோசலின் பின்னறைக்குள் போய்விட வேண்டும். ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் என்று தகப்பன் ஊருக்குச் சொன்னார். வலிப்பு என்ற சொல் அந்தக் குடும்பத்தில் யார் வாயிலும் வந்ததில்லை, வரவும் கூடாது.

ஆகவே அடுப்படியில் கிறகரி என்ன செய்தார்? அலுமாரிச் சாவிக்கொத்தை எடுத்து வந்து டொரதியின் கைக்குள் வைத்து அழுத்திப் பிடித்தார். இரும்பு பட்டால் இழுப்பு விடும் என்பது பெரியவர்கள் சொன்ன முறை. சாவி கையில் பட்டதும் இழுப்பு நின்றது. முகத்தில் இரத்தம் ஏறிச் சிவந்தது. "என்னங்க, ஏன் இப்படிப் பாக்குறீங்க?" என்று டொரதி எழுந்து உட்கார்ந்தாள். கிறகரிக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. இரும்புக்கு விட்டது என்றால் அது வலிப்புத்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் நடாஷாவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. அவள் பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறவள். மாப்பிள்ளை கிளின்ரன், நாவலப்பிட்டியில் புத்தகக்கடை வைத்திருக்கும் குடும்பம். கோயில் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர்கள். தகப்பன் வழியில் ஒரு வலிப்பு, தாய் வழியில் இன்னொன்று என்றால் எந்தக் குடும்பம் பெண் எடுக்கும்? விழுந்ததைப் பற்றி மூச்சுவிடக் கூடாது, மகளிடம்கூடச் சொல்லக் கூடாது என்று டொரதியிடம் சொன்னார். மனைவி மறுத்துப் பேசுகிற வீடு அல்ல அது.

ஆனால் இரண்டாவது தடவை அவள் விழுந்தது வாசலுக்கு வெளியே, தெரு ஒழுங்கையில். கட்டுகஸ்தோட்டையில் அவர்களுடைய வீட்டுக்கு அடுத்த வீடு, முஸ்லிம் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற ஷஹ்மா டீச்சருடையது. டீச்சர்தான் ஓடிவந்து தாங்கினார். கிறகரி சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்தபோது டொரதியின் தலை டீச்சரின் மடியில் இருந்தது. நாடி பிடித்துப் பார்த்தேன், நாடியே காணோம், பிறகுதான் வந்தது, உடனே டொக்டரிடம் காட்டுங்கள் என்று டீச்சர் படபடத்தார். கிறகரி நன்றி சொல்லிவிட்டு மனைவியை உள்ளே கூட்டிப்போனார்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கும் உள்ள வழக்கம். நாவலப்பிட்டியிலிருந்து வந்து விசாரித்தவர்கள் ஷஹ்மா டீச்சரையும் விசாரித்தார்கள். தங்கமான சனம், டொரதிக்குத்தான் கொஞ்சம் சுகமில்லை, அன்றைக்கு ரோட்டில் விழுந்துவிட்டா, பாவம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளையின் தகப்பன் போனில் பக்குவமாக விஷயத்தைக் கேட்டார். கிறகரி கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்த வீட்டாருக்கும் தங்களுக்கும் மதில் தகராறு, எல்லைக்கல்லைத் தள்ளிப் போட்டார்கள், அந்த வன்மத்தில் கதை கட்டுகிறார்கள் என்றார். அப்படி ஒரு தகராறு ஒருநாளும் இருந்ததில்லை. நோன்புக் காலத்தில் கஞ்சியும் நத்தார் பண்டிகைக்குக் கேக்கும் அந்த மதிலுக்கு மேலால்தான் கை மாறிக்கொண்டிருந்தன.

சொன்ன பொய்யை நிற்க வைப்பதற்கு ஒரு சண்டை தேவைப்பட்டது. கிறகரி டீச்சரின் கேற்றடியில் போய் நின்று, ஒழுங்கைக்கே கேட்கும் குரலில், கண் தெரியாவிட்டால் கண்ணாடி போட வேண்டும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையில் மண் போடுகிற பொய்க்காரி என்று சொல்லிவிட்டு வந்தார். டீச்சர் கேற்றைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அதன்பிறகு அந்த வழியால் கஞ்சியும் வரவில்லை, கேக்கும் போகவில்லை. நாவலப்பிட்டியில் சமாதானமாகி நிச்சயதார்த்தமும் நடந்தது; டொரதி நிலைக்கண்ணாடிக்கு முன்னால் சரிந்ததற்கு அடுத்த ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசிப்பதாக முடிவாகியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசிப்பார்களே, அந்த ஓலை.

இப்போது டொரதி ஆஸ்பத்திரி வாட்டில் படுத்திருந்தாள். நெஞ்சில் வயர்கள் ஒட்டி, கட்டிலுக்குப் பக்கத்துத் திரையில் அவளுடைய நாடி பச்சைக் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. குளிசையை நிறுத்தி ஒரு நாள் போனதும் கோடு சீராகிவிட்டது. முகத்தில் களை வந்து, கஞ்சி வேண்டாம் இடியப்பம் வேண்டும் என்று நடாஷாவிடம் கேட்கிற அளவுக்குத் தெளிந்திருந்தாள்.

வாட்டு டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். சின்ன வயது, கண்டிப்பான முகம். அவரோடு நின்ற நர்ஸ் சஞ்சீவனியைக் கண்டதும் கிறகரி ஒரு அடி பின்வாங்கினார். சஞ்சீவனி மாப்பிள்ளை கிளின்ரனின் சித்தி. நிச்சயதார்த்தத்தில் கேக் வெட்டி ஊட்டியவள்.

டொக்டர் கிறகரியைப் பார்த்துச் சொன்னார்:

"ஐயா, இதுக்கு வடிவாய் யோசிச்சுப் பதில் சொல்லுங்கோ. இதயத்துக்குத் தாளம் போடுற இடம் ஒண்டு இருக்கு. அம்மாக்கு அது சில நேரம் ஓடுது, சில நேரம் நிண்டு போகுது. இப்ப நிண்டது குளிசையாலதான் எண்டால், குளிசையை விட்டால் போதும், வீட்டை போகலாம். குளிசைக்கு முன்னமே விழுந்தவ எண்டால், அந்த இடமே பழுது. பேஸ்மேக்கர் வைக்கவேணும். முன்னம் விழுந்தவவோ?"

கிறகரி சஞ்சீவனியைப் பார்த்தார். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். மகளைப் பார்த்தார். அன்று நிலைக்கண்ணாடிக்கு முன்னால், மனைவியின் கைக்குள் அவர் சாவிக்கொத்தைத் திணித்து அழுத்தியதும், அது பிடிப்பாரில்லாமல் தரையில் விழுந்ததும் நினைவுக்கு வந்தன. தன் ஒரு வாக்கியம் குளிசையாகி மனைவியின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதை அவர் இரண்டு நாளாக மென்று விழுங்க முடியாமல் வைத்திருந்தார்.

"விழுந்திருக்கா டொக்டர்," என்றார். "ரெண்டு தடவ. அந்த மருந்துக்கு முன்னாலயே. கிளினிக்ல கேட்டப்ப நாந்தான் இல்லன்னு சொன்னேன்."

சொல்லி முடித்ததும், பாரம் இறங்கியது என்றுகூட நினைத்தார். இறங்கவில்லை. கட்டிலில் இருந்து டொரதி சிரித்தாள். வெட்கப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு. அவள் கண் சஞ்சீவனி மேல் இருந்தது.

"அவரு சொல்றத எடுக்காதீங்க டொக்டர். வயசாயிருச்சில்ல, பயத்துல கொழம்பிப் போயிட்டாரு. நா எங்கயும் விழல. ஞாயித்துக்கெழம விழுந்ததுதான் மொத தடவ."

"டொரதி," என்றார் கிறகரி.

"நீங்க சும்மா இருங்க. மனுசனுக்கு மறதி வந்திருச்சின்னு நா மககிட்ட கூடச் சொன்னேன்."

நடாஷா தாயையும் தகப்பனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் காலையில் பேராதனைக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள், முன்பு விழுந்த எதையும் கண்டதில்லை. டொக்டர் பெருமூச்சு விட்டார். நோயாளி இல்லை என்கிறா, கணவர் ஆம் என்கிறார், வாட்டில் வைத்துப் பார்த்ததில் கோடு சீராகத்தான் இருக்கிறது. நாளைக்குப் பெரிய டொக்டர் வரும்போது துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவதா வாட்டில் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வார், விழுந்ததைக் கண்ட வேறு ஆள் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கிறகரி மனைவியின் பக்கம் குனிந்தார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். டொரதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம ஓல வாசிக்கப் போறாங்க. அந்தம்மா யாருன்னு தெரிஞ்சும் இப்படிப் பேசுறீங்களே. நீங்க சொல்லிக் குடுத்தததான நா சொன்னேன்?"

அந்தக் கடைசி வார்த்தையில் கோபம் கிடையாது. அதுதான் அவரைக் கொன்றது. பழக்கிய நாய் எசமானையே குரைத்து நிறுத்தியது என்று சொல்லக்கூட வழியில்லை. அவள் அவருடைய கட்டளையைத்தான் காவல் காத்தாள். நாளை அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னொரு நாள் கிணற்றடியிலோ படியிலோ அந்தத் தாளம் நிற்கும். அப்போது அது திரும்பத் தொடங்கும் என்று யார் பொறுப்பு?

கண்ட ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளைத்தான் அவர் பொய்க்காரி ஆக்கி வைத்திருந்தார்.

கட்டுகஸ்தோட்டைக்கு பஸ்ஸில் வந்து இறங்கி, சொந்த வீட்டைத் திறக்காமல் நேரே டீச்சரின் கேற்றைத் தட்டினார். மத்தியானச் சமையல் மணம் வந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஷஹ்மா டீச்சர் வந்தார், கேற்றைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப்பக்கம் நின்றபடி கிறகரி தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். டொரதி ஆஸ்பத்திரியில் என்றதும் டீச்சரின் கை நெஞ்சுக்குப் போனது. ஆனால் முகம் இளகவில்லை.

"நான் பொய்க்காரியாச்சே கிளாக்கர். பொய்க்காரிட சாட்சிய டொக்டர் எடுப்பாவா?"

கிறகரி கேற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அண்டைக்கு ரோட்டுக்கே கேக்கச் சென்னீங்க. எங்கட ஊட்டு ஆக்கள் ரெண்டு மாசமா இந்த ரோட்டால தலகுனிஞ்சிதான் போற. இண்டைக்கு மட்டும் என்னத்துக்கு இவ்வளவு மெதுவாப் பேசுறீங்க?"

எதிர்வீட்டு யன்னல் திரை அசைந்தது. முச்சந்திக் கடையில் ரொட்டி வாங்க நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிறகரியின் தகப்பன் இந்த இடத்தில் இருந்திருந்தால் செத்தாலும் குரல் உயர்த்தியிருக்க மாட்டார். அந்த வைராக்கியத்தின் விலையைக் கொடுத்தவள் ரோசலின். கிறகரி முதுகை நிமிர்த்திக்கொண்டார். அதை வளைக்க அவருக்குத் தெரியாது. நிமிர்ந்த முதுகோடே, தோட்டத்தில் காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

"ஷஹ்மா டீச்சர் சொன்னது உண்மை. என் சம்சாரம் ரோட்டுல விழுந்தது உண்மை. மதில் சண்டைன்னு நா சொன்னதுதான் பொய்."

உள்ளேயிருந்து டீச்சரின் கணவர் தாஸிம் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், வாகனத்தை எடுக்கப் போனார். டீச்சர் கேற்றைத் திறந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். மூவரும் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். மகாவலிப் பாலத்தில் வாகன நெரிசலில் நின்றபோது தாஸிம் திரும்பி, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றார் கிறகரி. அதுவும் பொய், ஆனால் வெட்கத்தில் வந்த பொய்.

வாட்டுக்குள் டீச்சரைக் கண்டதும் டொரதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். டீச்சர் அதைப் பொருட்படுத்தவில்லை. டொக்டரிடம், வகுப்பில் பாடம் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார்: முகம் சுண்ணாம்பாக வெளுத்தது, மணிக்கட்டிலும் கழுத்திலும் தேடினேன், நாடி அகப்படவில்லை, பிறகுதான் கை இழுத்தது, நாடி திரும்பி வந்ததும் முகம் சிவந்தது, உடனே பேசினா. அதற்குப் பிறகு டொரதியின் தோளைத் தொட்டு, "டொரதி, ஒங்கட மகள்ட கலியாணத்துக்கு நீங்க உசிரோட நிக்க வேணாமா?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த தலை மெல்ல ஆடியது. விழுந்தேன், டீச்சர் சொல்வது சரி என்று டொரதி சுவருக்குச் சொன்னாள்.

டொக்டரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. கிறகரி, கேட்க வேண்டியதைக் கேட்டார். கை இழுத்ததே, அது வலிப்பு இல்லையா?

"இல்லை ஐயா. இதயம் கொஞ்ச நேரம் நிண்டால் மூளைக்கு இரத்தம் போகாது. கை கால் இழுக்கும். பாக்கிறவைக்கு வலிப்பு மாதிரித்தான் தெரியும். தாளம் திரும்பினால் எல்லாம் சரியாகிடும்."

"சாவி குடுத்தேன். அதுக்குப் பிறகுதான் விட்டுச்சு."

"சாவி குடுக்காட்டிலும் அந்த நேரத்துக்கு விட்டிருக்கும்," என்றார் டொக்டர். அந்தக் கண்டிப்பான முகத்தில் அப்போது இரக்கம் இருந்தது. கிறகரிக்கு அதைத் தாங்க முடியவில்லை.

அவர் வெளியே வந்து, வராந்தாவில் சுவரோடு சாய்ந்து நின்றார். இல்லாத வலிப்பை மறைக்க ஒரு மதில் சண்டையைக் கட்டியிருக்கிறார். அது போகட்டும். ரோசலினுக்கு என்ன? அவளுடைய நாடியை யாராவது பிடித்துப் பார்த்தார்களா? தோட்டத்து ஆஸ்பத்திரி நடந்து போகிற தூரத்தில் இருந்தது. அவளும் விழுவாள், வெளுப்பாள், இழுப்பாள், பிறகு சிவந்து எழுந்து உட்காருவாள். அதற்கு வலிப்பு என்று பெயர் வைத்தது வீட்டார்தான். பெயர் வைத்துவிட்டு, அந்தப் பெயருக்குப் பயந்து அறைக்குள் பூட்டினார்கள். ஒருவேளை வலிப்பாகவே இருந்திருக்கலாம். இனித் தெரிய வழியில்லை. கதவை வெளியே தாழிட்டது பல தடவை சிறுவன் கிறகரிதான். வருகிறவர்களின் காலடிச் சத்தம் கேட்டால் ஓடிப்போய்த் தாழிடுவான். பெரியவர்கள் மெச்சுவார்கள்.

சஞ்சீவனி அவரைத் தேடி வந்தாள். அவர் தலை குனிந்தார்.

"அங்கிள், வாட்டுல கேட்டத நா வெளிய பேசுறதில்ல. கிளின்ரனோட அப்பா, எங்க அத்தான்கிட்டயும் சொல்ல மாட்டேன். அது என் வேலையோட மரியாத." அவள் போய்விட்டாள்.

அவள் சொல்லிவிடுவாள் என்று பயந்திருந்தவருக்கு, சொல்ல மாட்டாள் என்பது அதைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது. இனி வேறொருத்தர் வாயால் உண்மை போகாது. கிறகரி அங்கேயே நின்று நாவலப்பிட்டிக்குப் போன் எடுத்தார். மனைவியின் நோயைச் சொன்னார். மதிலைப் பற்றியும் சொன்னார். நோய் யாருக்கும் வரும், அதைப் பற்றி எங்களுக்குக் கணக்கில்லை என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். பிறகு, "ஆனா அந்த டீச்சரம்மாவ நீங்க பொய்க்காரின்னப்ப நா நம்புனேன் கிளாக்கரையா. எங்க வீட்டுல நாலு பேருகிட்ட சொன்னேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஓலையைக் கொஞ்சம் தள்ளி வைப்போம் என்று, மரியாதை குறையாமல், முடித்தார்.

நடாஷாவிடம் அதைச் சொன்னார். அவள் அழவில்லை. கிளின்ரனோடு நானே பேசிக்கொள்கிறேன் என்றாள். சிறிது பொறுத்து, "இனிமே எனக்காக யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்கப்பா. நல்லதோ கெட்டதோ" என்றாள்.

பெரிய டொக்டர் வந்து பார்த்தார். இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே சின்னதாக வெட்டி, நெருப்புப்பெட்டியைவிடச் சிறிய ஒன்றை வைத்துத் தைத்தார்கள். இதயம் தாளம் தவறினால் அது ஒரு தட்டுத் தட்டி ஞாபகப்படுத்துமாம். படபடப்புக்கு அதே குளிசையை இனிப் பயமில்லாமல் கொடுக்கலாமாம். இடது கையைக் கொஞ்சக் காலம் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது என்றார்கள்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஷஹ்மா டீச்சர் வந்தார். கட்டிலடியில் ஒரே ஒரு கதிரை. கிறகரி எழுந்து கொடுத்துவிட்டுக் கால்மாட்டில் நின்றார். கையைத் தூக்க முடியாத டொரதிக்கு டீச்சர் தலை வாரிப் பின்னினார். இரண்டு பெண்களும் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அவர் நிற்பதை மறந்தார்களோ, மறக்காமலேதான் பேசினார்களோ.

அடுப்படியில் விழுந்ததற்கு முன்னால் இன்னும் இரண்டு மூன்று தடவை என்று டொரதி சொல்லிக்கொண்டிருந்தாள். குளியலறையில். ஒரு முறை தலையில் அடிபட்டு இரத்தம் வந்தது. எழுந்திருக்க முடியும்வரை ஈரத்தரையில் கிடந்து, பிறகு தானே கழுவித் துடைத்துவிட்டு, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்து தேத்தண்ணீர் ஊற்றினாளாம்.

"அவருகிட்ட ஏன் செல்லல்ல?" என்று டீச்சர் கேட்டார்.

"சொன்னா அவரு முகம் எப்படிப் போகும்னு எனக்குத் தெரியும் டீச்சர். விழுந்துட்டு அந்த முகத்தையும் பாக்கணுமா?"

டீச்சரின் சீப்பு ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. கிறகரி மேசையிலிருந்த சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டார். பெண்கள் இருவருக்கும் தேத்தண்ணீர் வாங்கி வர நினைத்தார். வாசலை நோக்கி நடந்தார். கதவடியில் திரும்பிப் பார்த்தபோது, டொரதி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதை அவளுக்குக் காட்டாமல் மறைப்பதா, காட்டுவதா என்றும் தெரியாமல், போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி அப்படியே நின்றார்.